வண்டியில் கிடந்த மூட்டை யாருடையது?

நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைகின்ற வேளையில், தாயார் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "என் மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். ஏறுகிறவர்களின் பையில் என்ன இருக்கிறது என்பதை அவன் எப்படி அறிவான்? வழியில் போலீசார் வண்டியை நிறுத்தி, பையில் கஞ்சா இருக்கக் கண்டால், பையை வைத்தவனைப் பிடிப்பார்களா? வண்டி ஓட்டியவனைப் பிடிப்பார்களா?"

சுருக்கமாக விடை கூறுவதென்றால், முதலில் இருவரையும் பிடிப்பார்கள். பிறகு யார் சிறையில் இருப்பது, யார் வீடு திரும்புவது என்பதைச் சட்டம் முடிவு செய்யும். அந்தச் சட்டம் எவ்வாறு முடிவு செய்கிறது என்பதையே இத்திங்கள் இப்பகுதியில் எழுதத் துணிந்தோம். நாம் புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணி செய்து வயிறு வளர்ப்பவரேயன்றி வழக்கறிஞர் அல்லோம். எனினும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் யாவரும் படிக்கக் கூடியவை. அவற்றுள் நம் வீடுகளுக்கு வேண்டியவற்றைத் தொகுத்துத் தருவதே நம் நோக்கம். வழக்கென்று ஒன்று வந்துவிட்டால் வழக்கறிஞரை நாடுவதே முறை.

கோலார் தங்கவயலில் இக்கேள்வி ஏன் எழுகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2001-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டபின் நம் பிள்ளைகளின் பிழைப்பு சக்கரத்தின்மேல் ஏறிவிட்டது. மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். மற்றும் பலர் கார், சரக்கு வண்டி, லாரி ஆகியவற்றை ஓட்டுகின்றனர். பெற்றோர் தம் சேமிப்பைப் போட்டும் கடன் வாங்கியும் ஒரு வண்டியை வாங்கித் தந்த வீடுகளும் உண்டு. நம் ஊரோ ஆந்திர எல்லைக்கும் தமிழக எல்லைக்கும் அருகில் இருக்கிறது. ஆந்திர ஒடிசா எல்லையிலுள்ள மலைக்காடுகளில் விளையும் கஞ்சா தெற்கு நோக்கி இறங்குவது ரயிலிலும் சாலையிலுமே என்பதை நாளேடு படிக்கும் எவரும் அறிவர்.

'உன் கையில் இருக்கிறது, கணக்குச் சொல்' என்று கேட்கும் சட்டம் நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் வடஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து சுரங்கத்தில் இறங்கிய காலத்தில், வேலை முடிந்து மேலே வந்ததும் உடற்சோதனைக்கு நிற்க வேண்டியிருந்தது. கணக்குச் சொல்ல முடியாத தங்கக் கல் ஒருவரிடம் இருந்தால் அதுவே குற்றமாகும்படி மைசூர் அரசு தனிச் சட்டம் வகுத்திருந்தது. திருடியதைக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டியதில்லை. கையில் இருந்ததே சாட்சி. போதைப்பொருள் சட்டமும் ஏறக்குறைய அவ்வழியிலேயே நடக்கிறது. வேறுபாடு ஒன்றே. மடியில் இருந்த கல் எவனுடையது என்பதில் ஐயம் எழாது. நால்வர் ஏறிய வண்டியில் கிடந்த மூட்டை எவனுடையது என்பதிலோ ஐயம் எழுகிறது.

சட்டம் கூறுவது யாது?

1985-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் முதல் நடைமுறையிலிருக்கும் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டமே இன்று நாடெங்கும் செல்லுபடியாவது. அதன் 8-ஆம் பிரிவு இப்பொருள்களை உற்பத்தி செய்தல், வைத்திருத்தல், விற்றல், வாங்குதல், ஏற்றிச் செல்லுதல் ஆகிய யாவற்றையும், மருத்துவத்திற்கும் ஆராய்ச்சிக்கும் விதிப்படி பெற்ற அனுமதி நீங்கலாக, தடை செய்கிறது. வைத்திருத்தலும் ஏற்றிச் செல்லுதலும் தனித்தனியே குறிக்கப்பட்டிருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 'என்னுடையது அன்று, ஏற்றி வந்தேன், அவ்வளவே' என்பது ஒருவனைக் காப்பாற்றும் சொல் அன்று. அது வேறொரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொல்லாகிவிடும்.

பிறநாட்டுச் சட்டங்கள் சிலவற்றில் 'விற்பனைக்காக வைத்திருந்தான்' என்பதை அரசுத் தரப்பு தனியே காட்ட வேண்டும். நம் நாட்டில் அந்த வேலையைப் பெரும்பாலும் தராசே செய்துவிடுகிறது. 2001-ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட அறிவிக்கை ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எல்லைகளை வகுத்தது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைந்தது சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. ஹெராயினில் 5 கிராமுக்குக் குறைந்தது சிறு அளவு. 250 கிராமுக்கு மேற்பட்டது வணிக அளவு. அபினியில் 25 கிராமும் இரண்டரைக் கிலோவும் அவ்வெல்லைகள்.

கஞ்சாவைப் பொறுத்தவரை சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறை. வணிக அளவானால் பத்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டு வரை சிறையும், 1 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பத்தாண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கும் உரிமை இல்லை. மேலும் வணிக அளவு வழக்குகளில், அவன் குற்றவாளி அல்லன் என்று நம்புவதற்குத் தக்க காரணம் உண்டென நீதிமன்றம் கருதினாலன்றி 37-ஆம் பிரிவு ஜாமீனுக்கு இடங்கொடுக்காது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் அவகாசம் உண்டு. அதனை ஓராண்டு வரை நீட்டிக்கவும் கூடும். இறுதியில் விடுதலையாகிறவனும் அதற்குமுன் சிறையில் நெடுங்காலம் கழித்துவிடுகிறான். அவன் சம்பாத்தியத்தை நம்பிய குடும்பம் அக்காலம் முழுதும் என் செய்யும் என்பதை எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

உடைமை என்பதன் பொருள்

வீட்டில் நாம் 'என்னிடம் இருக்கிறது' என்று எளிதாகச் சொல்கிறோம். நீதிமன்றத்தில் அச்சொல் இரண்டு கால்களில் நிற்கிறது. பொருள் அவன் ஆட்சியில் இருந்தது என்பது ஒரு கால். அஃது இருப்பதை அவன் அறிந்திருந்தான் என்பது மற்றொரு கால். இரண்டும் சேர்ந்ததையே 'அறிந்து வைத்திருத்தல்' என்று நீதிபதிகள் கூறுகின்றனர். ஒரு கால் இல்லையேல் வழக்கு நொண்டும். இதனை உச்ச நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு எவ்வாறு பொருத்திப் பார்த்தது என்பதைக் காண்போம்.

2002-ஆம் ஆண்டு அவதார் சிங் எதிர் பஞ்சாப் அரசு என்னும் வழக்கு. ஒரு லாரியில் 16 மூட்டை கசகசாத் தோல் இருந்தது. போலீசாரைக் கண்டதும் ஓட்டுநர் பக்கத்தில் இருந்த ஒருவரும் பின்னால் இருந்த ஒருவரும் ஓடிவிட்டனர். எஞ்சியோர் பிடிபட்டுத் தண்டனை பெற்றனர். உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஓடியவருள் ஒருவரே சரக்கின் பொறுப்பாளராக இருந்திருக்கலாமே என்று நீதிபதிகள் கேட்டனர். ஒவ்வொருவருக்கும் சரக்குக்கும் என்ன தொடர்பு என்பதைப் புலன்விசாரணை தொடவேயில்லை என்று குறை கூறினர். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது ஒன்றையே கொண்டு உடைமையை ஊகிக்க இயலாது. ஏற்றி இறக்க வந்த கூலியாட்களாகவும் இருக்கலாம் அன்றோ என்றனர். மூட்டை தூக்கிப் பிழைக்கும் ஏழைகளுக்கு இத்தீர்ப்பு ஒரு நிழல்.

அடுத்த ஆண்டே மறுபக்கம் தெரிந்தது. 2003-ஆம் ஆண்டு மதன்லால் எதிர் இமாசலப் பிரதேச அரசு என்னும் வழக்கில், ஒரே காரில் சென்ற ஐவரிடையே 820 கிராம் சரஸ் இருந்த பை அகப்பட்டது. தமக்கும் பைக்கும் தொடர்பில்லை என்பது பலருடைய வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. அது பொது வாகனம் அன்று. அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எவ்வாறு ஒன்றாகப் பயணம் செய்ய நேர்ந்தது என்பதற்குத் தக்க விளக்கம் தரவில்லை. ஆதலின் ஐவரும் அறிந்தே வைத்திருந்தனர் என்று தீர்ந்தது.

2010-ஆம் ஆண்டு தரம்பால் சிங் வழக்கில் காரின் டிக்கியில் 65 கிலோ அபினி இருந்தது. ஓட்டியவர், உடன் சென்றவர் ஆகிய இருவருடைய தண்டனையும் உறுதியாயிற்று. 2013-ஆம் ஆண்டு ஞான்சந்த் எதிர் அரியானா அரசு வழக்கில் ஜீப்பில் 10 மூட்டை கசகசாத் தோல் இருந்தது. அங்கும் தண்டனை நிலைத்தது.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு நூல் தெரிகிறது. வண்டி பொது வண்டியா, சொந்த வண்டியா? உடனிருந்தோர் உறவினரா, நண்பரா, முன்பின் அறியாதவரா? சரக்கு ஒரு சிறு பையில் மறைந்திருந்ததா, கண்ணை மறைக்கும் அளவு மூட்டைகளாக இருந்ததா? எங்கே இருந்தது: தன் இருக்கையின் கீழா, பிறர் மடியிலா? பிடித்தவுடன் அவன் என்ன சொன்னான்? ஓடினானா, நின்றானா? நீதிமன்றம் இவற்றையே எடை போடுகிறது. பேருந்திலும் ரயிலிலும் தலைக்குமேல் கிடக்கும் பைக்கு அடுத்த இருக்கைக்காரன் பொறுப்பாளியாகான். நால்வர் சேர்ந்து சென்ற சொந்தக் காரிலோ அந்த விலக்கு எளிதில் கிட்டாது. தாயார் கேட்ட வாடகைக் கார் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. முன்பின் அறியாத பயணியின் மூடிய பைக்கு ஓட்டுநர் பதில் சொல்ல முடியாது என்பது நியாயமான வாதமே. ஆயினும் அந்தப் பயணி முன்பின் அறியாதவரே என்பதைக் காட்டக் கையில் சான்று வேண்டும்.

ஊகம் எப்பொழுது தொடங்குகிறது?

இச்சட்டத்தில் கூர்மையான பிரிவுகள் 35-ம் 54-ம் ஆகும். ஒருவனிடம் போதைப்பொருள் இருந்து, அதற்கு அவன் தக்க கணக்குச் சொல்லத் தவறினால், அவன் குற்றம் செய்தான் என்று மறுப்பு மெய்ப்பிக்கப்படும் வரை நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பது 54-ஆம் பிரிவு. குற்றமுள்ள மனத்தோடுதான் செய்தான் என்று ஊகிக்க வேண்டும், இல்லையென்று காட்டுவது அவன் கடமை என்பது 35-ஆம் பிரிவு. இவற்றைக் கேட்டதும், 'அப்படியானால் அரசு எதையும் நிரூபிக்க வேண்டாமா?' என்று பலர் மலைக்கின்றனர்.

அம்மலைப்பைத் தீர்த்தது 2008-ஆம் ஆண்டின் நூர் ஆகா வழக்கு. அமிருதசரஸ் விமான நிலையத்தில், திராட்சைப் பழப் பெட்டியில் ஹெராயின் இருந்ததாக ஆப்கானிய நாட்டவர் ஒருவர்மேல் தொடுக்கப்பட்டது அது. இவ்விரு பிரிவுகளும் அரசியல் சட்டத்துக்கு முரணானவை அல்ல என்று நீதிமன்றம் கூறிற்று. ஆனால் அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்பே ஐயந்திரிபற நிலைநாட்ட வேண்டும்; அதன் பின்னரே சுமை இவன் தோளுக்கு மாறும் என்றும் தெளிவாக்கிற்று. பொருள் இன்னது, இன்ன இடத்தில், இன்னாருடைய ஆட்சியில் கிடைத்தது, கைப்பற்றிய அதே பொருளே சோதனைச் சாலைக்குச் சென்றது என்பவை அவ்வடிப்படைகள். இவை நிலைபெறாத இடத்தில் ஊகத்துக்கு நிற்க இடமில்லை. அந்த வழக்கிலும் அவை நிலைபெறாமையால் அம்மனிதர் விடுதலை பெற்றார். தண்டனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு கடுமையாகச் சான்றும் இருத்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

சோதனையும் மகஜரும்

வண்டியைச் சோதிப்பதற்கும் முறை உண்டு. முன்கூட்டித் துப்புக் கிடைத்திருந்தால் அதிகாரி அதனை எழுத்தில் பதிந்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 42-ஆம் பிரிவு. பொது இடத்திலும் பொது வாகனத்திலும் இத்தகைய கட்டுப்பாடு இல்லாமல் சோதிக்க 43-ஆம் பிரிவு இடந்தருகிறது. பொதுச் சாலையில் நின்றாலும் தனியார் ஜீப்பு பொது வாகனம் ஆகாது. அதனைச் சோதிக்க 42-ஆம் பிரிவையே பின்பற்ற வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு பூட்டா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி, அது மீறப்பட்டமையால் விடுதலை அளித்தது. ஆளின் உடலைச் சோதிப்பதானால், நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்குமாறு கேட்கும் உரிமை உண்டு என்பதை அவனுக்குத் தெரிவிக்க வேண்டும். பைக்கும் வண்டிக்கும் அவ்வுரிமை இல்லை.

2024-ஆம் ஆண்டு சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சோதனையையும் கைப்பற்றுகையையும் ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்ய வேண்டும். இது காவலருக்கும் நல்லது, பிடிபட்டவனுக்கும் நல்லது. மாதிரி எடுப்பது நடுவர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆயினும் அம்முறை தவறியது ஒன்றாலேயே வழக்கு முறிந்துவிடாது. பிற சான்றுகள் நம்பத் தக்கனவாயின் தண்டனை நிற்கும் என்று 2025-ஆம் ஆண்டு சனவரியில் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆதலின் 'சிறு பிழை காட்டி வெளியே வந்துவிடலாம்' என்று ஆசை காட்டுவோரின் பேச்சைக் கேட்டு ஏமாறுதல் கூடாது.

நம்மவர்க்கென்று தனியே ஓர் இடர் உண்டு. இம்மாநிலத்தில் மகஜர் கன்னடத்தில் எழுதப்படும். கன்னடம் சரளமாகப் பேசும் நம் பிள்ளைகளிலும் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் பலர். பதற்றத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அதில் என்ன இருந்தது என்பதைப் பல திங்கள் கழித்து வழக்கறிஞர் வாயிலாக அறிவது பெருந்துன்பம். படித்துக் காட்டும்படி பணிவுடன் கேட்கலாம். கேட்டும் படித்துக் காட்டவில்லையேல், 'கன்னடம் படிக்க அறியேன், தமிழில் விளக்கப்படவில்லை' என்று கையெழுத்துக்கு அருகே தமிழிலேயே எழுதலாம். வெற்றுத் தாளில் மட்டும் ஒருக்காலும் கையெழுத்திடலாகாது.

இதற்கு இப்பொழுது உச்ச நீதிமன்றத்தின் துணையும் இருக்கிறது. கைதுக்கான காரணங்களைக் கைதானவனுக்குப் புரிகின்ற மொழியில் எழுத்து வடிவில் கொடுக்க வேண்டும். உடனே இயலாவிடினும், ரிமாண்டுக்காக நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுக்க வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. மொழி பெயர்ந்து வாழும் குடும்பங்கள் இத்தீர்ப்பை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வாக்குமூலம் பற்றியும் ஒரு செய்தி. அதன் மூலம் நம் தமிழ்நாட்டு வழக்கே. 2004-ஆம் ஆண்டு சென்னை வட்டாரத்தில் 5 கிலோவுக்கு மேற்பட்ட ஹெராயின் கைப்பற்றப்பட்டதில் தொடங்கிய தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில், 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் மூன்று நீதிபதிகளுள் இருவர் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். இச்சட்டத்தின்படி புலன்விசாரணை செய்யும் அதிகாரிகளும் போலீசாரைப் போன்றவரே. 67-ஆம் பிரிவின்கீழ் அவர்கள் எழுதி வாங்கும் வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்கலாகாது என்பது அத்தீர்ப்பு. அச்சத்தில் சொன்ன சொல் ஒன்றே வாழ்நாளைக் கெடுத்த நிலைமை அதனால் மாறியது.

வண்டி என்னாகும்?

மகனைப் பற்றிய கவலைக்கு அடுத்தது வண்டியைப் பற்றிய கவலை. சரக்கு ஏற்றிய வண்டி 60-ஆம் பிரிவின்படி பறிமுதலுக்கு உரியது. தனக்கோ, தன் முகவருக்கோ, வண்டிப் பொறுப்பில் இருந்தவனுக்கோ தெரியாமல் நடந்தது என்பதையும், தாங்கள் ஒவ்வொருவரும் தக்க எச்சரிக்கை எடுத்திருந்தோம் என்பதையும் உரிமையாளர் காட்டினால் பறிமுதல் இல்லை. உரிமையாளரையே குற்றவாளியாக்குவதானால், தெரிந்தே வண்டியைப் பயன்படுத்த விட்டார் என்பது 25-ஆம் பிரிவுக்குத் தேவை.

வழக்கு முடியும் வரை வண்டி காவல் நிலைய வாசலில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்க வேண்டுமா? 2025-ஆம் ஆண்டு சனவரியில் பிசுவஜித் தே எதிர் அசாம் அரசு என்னும் வழக்கில் இதற்கு விடை வந்தது. கடனில் வாங்கிய லாரி ஒன்றில், பயணி ஒருவர் சோப்புப் பெட்டிகளில் மறைத்து வைத்த 24.8 கிராம் ஹெராயின் அகப்பட்டது. உரிமையாளர்மேல் குற்றச்சாட்டு இல்லை. இத்தகைய நிலையில் நிபந்தனைகளோடு வண்டியை இடைக்காலமாக உரிமையாளரிடம் தரலாம் என்று நீதிமன்றம் கூறிற்று. அதே ஆண்டு அக்டோபரில், சத்தீஸ்கரிலிருந்து இரும்புத் தகடு ஏற்றி இராணிப்பேட்டைக்கு வந்த லாரியில் கஞ்சா பிடிபட்ட தமிழ்நாட்டு வழக்கிலும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. ஆகையால் வண்டிக்காரர் மனம் தளர்ந்து தவணையை விட்டுவிடாமல், உடனே சிறப்பு நீதிமன்றத்தில் மனுச் செய்தல் வேண்டும்.

கடல் கடந்த உறவினர்க்கு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் இனத்தார் பலர் பிழைக்கின்றனர். சிங்கப்பூர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு நம் சட்டத்தினும் கடுமையானது. ஒரு வண்டியில் போதைப்பொருள் கிடைத்தால், அது வண்டியின் உரிமையாளருடைய உடைமையிலும், அப்பொழுது வண்டிப் பொறுப்பில் இருந்தவருடைய உடைமையிலும் இருந்ததாக, மறுப்பு மெய்ப்பிக்கப்படும் வரை ஊகிக்கப்படும். 2 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயின் வைத்திருந்தால் கடத்தலுக்கே வைத்திருந்ததாக வேறோர் ஊகம் உண்டு. 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினைக் கடத்தினால் தூக்கு. நண்பனுக்கு வண்டியை இரவல் கொடுப்பது அங்கே உயிரை இரவல் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம், உடைமையை ஊகித்து, அந்த ஊகத்தின்மேலேயே கடத்தலையும் ஊகிப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று கூறிற்று. ஊகத்தின் தோள்மேல் ஊகத்தை ஏற்றலாகாது என்பது அதன் கருத்து.

இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை தீர்த்த வார்னர் வழக்கு உலகெங்கும் இவ்விவாதத்துக்குத் தாய்வழக்கு. வேனில் இரண்டு பெட்டிகள்: ஒன்றில் வாசனைத் திரவியம், மற்றொன்றில் போதை மாத்திரைகள். இரண்டிலும் வாசனைத் திரவியமே இருப்பதாக நினைத்தேன் என்றார் அவர். அவர் தண்டனை நிலைத்தது. ஆயினும் பெட்டியை வைத்திருப்பது வேறு, அதற்குள் இருப்பதை அறிந்து வைத்திருப்பது வேறு என்ற சிந்தனை அங்கே கிளைத்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில், அறியாதவன் தன் அறியாமையைக் காட்டித் தப்ப வழி செய்யப்பட்டது.

செய்ய வேண்டியவை

வாடகை வண்டி ஓட்டும் இளைஞர்கள், யார் அழைத்தார், எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், எந்தத் தொலைபேசி எண் என்பதைத் தவறாமல் பதிந்து வைக்க வேண்டும். அந்தச் சிறு குறிப்பேடு ஒரு நாள் வாய் திறந்து சாட்சி சொல்லும். பயணியின் சாமானைப் பயணியே வைக்கட்டும். ஆள் இல்லாமல் பை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கும்படி கூடுதல் பணம் தருபவனைக் கண்டால் விலகுவதே அறிவு. சரக்கு வண்டியானால் அனுப்புநர், பெறுநர் பெயர் எழுதிய சீட்டு இல்லாத மூட்டையை ஏற்றலாகாது. நாம் பணி செய்யும் ரயில்வேயில் பார்சல் ஒவ்வொன்றுக்கும் சீட்டு உண்டு. அச்சீட்டே எழுத்தரைக் காக்கிறது. சாலையிலும் அவ்வொழுங்கு வேண்டும்.

ரயிலில் செல்வோர், 'சற்று இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கூறிச் செல்பவரிடம் தலையசைத்தல் கூடாது. 2019 முதல் ரயில்வே பாதுகாப்புப் படையினருக்கும் இச்சட்டத்தின்கீழ் சோதிக்கவும் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. கேட்பாரற்ற பையைக் கண்டால் 139 என்னும் எண்ணுக்குச் சொல்லலாம். போதைப்பொருள் பற்றிய செய்தியைப் பெயர் வெளியிடாமல் 1933 என்னும் எண்ணுக்கும் தெரிவிக்கலாம்.

வண்டியை நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். ஓடியவன் தன் குற்றமின்மையையும் சாலையிலேயே போட்டுவிட்டு ஓடுகிறான். உண்மையை முதல் வாய்ப்பிலேயே சொல்லுதல் நன்று. வழக்கு மன்றத்தில் முதன்முறையாகச் சொல்லும் விளக்கத்துக்கு மதிப்புக் குறைவு. கைதானால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும். நகையை அடகு வைக்கும் முன் அக்கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் எழுதியது குற்றவாளிக்குத் தப்பும் வழி காட்டுவதற்கன்று. பள்ளி வாசல் வரை வந்துவிட்ட இந்நஞ்சு நம் தெருக்களில் எத்தனை பிள்ளைகளைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதை நாம் கண்ணால் காண்கிறோம். பணத்துக்கு ஆசைப்பட்டு ஒருமுறை பை சுமக்கும் இளைஞனை அனுப்பியவன் அறியவும் மாட்டான், மீட்கவும் மாட்டான். சட்டம் கடுமையாக இருப்பது தகும். அக்கடுமை அறிந்து செய்தவன்மேல் விழட்டும்; அறியாதவன்மேல் விழாதிருக்கட்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நீதிமன்றத்தின் கடமை. பிரித்துக் காட்டுவதற்கு வேண்டிய சான்றை அன்றாடம் சேர்த்து வைப்பது வண்டி ஓட்டுகிறவனின் கடமை. இதனை இன்றிரவே உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுமாறு தாய்மார்களை வேண்டுகிறோம்.